மகனுக்கும் மகளுக்கும் லாக்ராஸ்: எதை வாங்குவது, எதை விடுவது

வந்த கேள்வி சுருக்கமாக இது: "மேரிலாந்துக்குக் குடிவந்து ஆறு மாதம் ஆகிறது. மகனுக்கு 9 வயது, மகளுக்கு 11. பள்ளியில் எல்லாரும் ஆடுகிறார்கள் என்று இரண்டு பேரும் வசந்த காலத்தில் லாக்ராஸ் சேர ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். எனக்குக் கிரிக்கெட் தவிர ஒன்றும் தெரியாது. கடைக்குப் போனால் விலையைப் பார்த்துத் தலை சுற்றுகிறது. என்ன வாங்க வேண்டும்? விதிகள் என்ன? பல்லு கில்லு உடையுமா?"

லாக்ராஸ் என்றால், நுனியில் வலை பின்னிய கம்பால் பந்தைப் பிடித்து, எறிந்து, எதிரணிக் கோலுக்குள் போடும் ஆட்டம்; அந்தக் கம்புதான் ஸ்டிக். நானும் உங்களைப் போல வந்தவன்தான். என் பையன் சேர்ந்த முதல் வருடம் மைதான ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, எதற்கு விசில் அடிக்கிறார்கள் என்று புரியாமல், பக்கத்தில் இருப்பவர் கை தட்டினால் நானும் தட்டினேன். அப்புறம் கோச்சுக்குக் கூடமாட உதவ ஆள் தேவை என்று இழுத்துவிட்டார்கள். அப்படிக் கற்றுக்கொண்டதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டிக்கைப் பார்த்துப் பார்த்து வாங்குங்கள். ஹெல்மெட்டிலும் நெஞ்சுக் காப்பிலும் பாதுகாப்புத் தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மற்றதெல்லாம் அடுத்த வீட்டுப் பையன் போட்டுக் கழித்ததே போதும். மிச்சக் காசுக்கு அரை டஜன் பந்து வாங்கி, பிள்ளைகளுக்கு ஒரு சுவரைக் காட்டிவிடுங்கள். நான் பார்த்தவரை புதுக் குடும்பங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. பளபளக்கும் கையுறைக்கும் தோள்பைக்கும் காசு போகிறது. ஸ்டிக் மட்டும் கடையில் கிடைத்த மலிவானது. பந்து ஒன்றே ஒன்று, அதுவும் முதல் வாரத்திலேயே புதருக்குள் போய்விடும்.

கடைக்குப் போகும் முன் தெரிய வேண்டிய ஒரு விஷயம்: ஆண்பிள்ளைகள் ஆடுவதும் பெண்பிள்ளைகள் ஆடுவதும் பெயரளவில்தான் ஒரே விளையாட்டு. காப்புச் சாமான் வேறு, ஸ்டிக் வேறு, விதிகளும் வேறு. தம்பிக்கு வாங்கியதை அக்காவும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம் என்ற கணக்கு இங்கே எடுபடாது. பொதுவானது பந்தும் பல்லைக் காக்கும் மவுத் கார்டும் ஷூவும்தான்.

பந்திலிருந்தே தொடங்கலாம், அது உங்களுக்குச் சட்டென்று புரியும். கிரிக்கெட் பந்து 156 முதல் 163 கிராம் வரை இருக்கும். லாக்ராஸ் பந்து 142 முதல் 149 கிராம். சுற்றளவும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் குறைவு. தையல் கிடையாது, முழுக்க முழுக்கக் கெட்டி ரப்பர். அதாவது, கிரிக்கெட் பந்தைவிடச் சின்னதாக, அதே கனத்துக்குப் பக்கத்தில் வரும் ஒரு ரப்பர் உருண்டை. அதை மூன்றடி நீளக் கம்பின் நுனியிலிருந்து சுழற்றி எறிகிறார்கள். கவணில் கல் எறிந்திருந்தால் அந்த வேகம் எங்கிருந்து வருகிறது என்று கை சொல்லும். இத்தனை காப்பும் எதற்கு என்பதும் அப்போதே விளங்கிவிடும்.

சரி, பையனுக்கு வேண்டியவை. முகக் கம்பி பொருத்திய ஹெல்மெட், மவுத் கார்டு, தோளையும் நெஞ்சையும் மூடும் ஷோல்டர் பேட், முழங்கைக் காப்பு, கையுறை, கிரிக்கெட்டில் நாம் வெட்கப்பட்டுக்கொண்டே கார்டு என்று சொல்வோமே அது, ஷூ, ஸ்டிக். இவ்வளவுதான். விலா எலும்புக் காப்பு என்று ஒன்றும் விற்பார்கள். 9 வயதுக்கு அது கட்டாயமில்லை, அவனாகக் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் புதிதாக வாங்கினால் இருநூறு டாலரை எளிதாகத் தாண்டும். அடுத்த வருடம் பையன் இரண்டு அங்குலம் வளர்ந்து நிற்பான்.

அதனால்தான் கைமாறிய சாமான் என்கிறேன். கிளப்புகள் பலவற்றில் சீசனுக்கு முன்பு பழைய சாமான் கைமாற்று நாள் வைப்பார்கள். சில கிளப்புகள் முதல் வருடப் பிள்ளைகளுக்கு முழு செட்டையும் வாடகைக்கோ இரவலாகவோ தருகின்றன. பதிவு செய்யும்போதே கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம், இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் அப்படித்தான் செய்கிறார்கள்.

ஆனால் ஒரு இடத்தில் கவனம் வேண்டும், அங்கே நானே மாட்டிக்கொண்டேன். தெரிந்த குடும்பம் ஒன்று தங்கள் மூத்த பையனின் ஷோல்டர் பேடைக் கொடுத்தது. நல்ல தடிமன், கிழிசல் இல்லை, போட்டுப் பார்த்தால் அளவும் கச்சிதம். முதல் நாள் பயிற்சிக்குப் போனால் கோச் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இதைப் போட்டு இறங்க முடியாது என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு அவர் சொன்ன காரணத்தைக் கேட்டதும் அடங்கிவிட்டேன்.

காரணம் இதுதான். இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும், நொடியில் மிகச் சிறிய பங்கு நேரம், அதன் மின்னோட்டம் எளிதில் குலையும் நிலையில் இருக்கிறது. சரியாக அந்தக் கணத்தில் இதயத்துக்கு நேர் மேலே பந்து பட்டால், எலும்பு முறியாமல், காயமே இல்லாமல், இதயத் துடிப்பு தாறுமாறாகி ஆள் சரிந்துவிடலாம். கொமோஷியோ கார்டிஸ் என்று பெயர். மிக அரிதானது. ஆனால் பிள்ளைகளின் நெஞ்செலும்புகள் இன்னும் வளைந்து கொடுக்கும் பருவத்தில் இருப்பதால் ஆபத்து அவர்களுக்குத்தான் அதிகம். சாதாரணப் பஞ்சுத் திண்டு இதைத் தடுப்பதில்லை. இதற்கென்றே சோதனை செய்து என்.டி.200 என்ற தரம் ஒன்றை வகுத்தார்கள். 2022 முதல் பையன்கள் ஆட்டத்தில் ஷோல்டர் பேட் அந்தத் தரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. அதற்கு முன் செய்தவற்றில் பெரும்பாலும் இந்த முத்திரை இருக்காது, எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் சரி. முத்திரை வைப்பது என்.ஓ.சி.எஸ்.ஏ.இ. என்ற அமைப்பு, பேச்சில் நாக்சி என்பார்கள். பேடின் உள்பக்கத்தைத் திருப்பி அந்தக் குறியைத் தேடுங்கள். இல்லையென்றால் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கோலைக் காக்கும் கோலி அணியும் நெஞ்சுக் காப்புக்கும் இதே கதைதான். கோலிக்குத் தொண்டைக் காப்பும் சேர்த்து வேண்டும். அவற்றை வழக்கமாக அணியே வைத்திருக்கும், நீங்கள் வாங்க வேண்டியதில்லை.

காப்பு போட்டுவிட்டோம் என்று அதோடு நிற்காமல், மைதானத்தில் ஏ.ஈ.டி. கருவி எங்கே இருக்கிறது என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுத்து மீட்கும் பெட்டி அது. இந்த விபத்தில் உயிரைக் காப்பது முதல் சில நிமிடங்களுக்குள் அந்தப் பெட்டி கைக்கு வருவதுதான்.

ஹெல்மெட்டும் கைமாறியதாக இருக்கலாம். விரிசல் இருக்கக் கூடாது, உள்ளே நுரை நொறுங்கியிருக்கக் கூடாது, நாக்சி முத்திரை வேண்டும், தாடைப் பட்டையின் நான்கு கொக்கிகளும் சரியாகப் பூட்ட வேண்டும். எங்கிருந்து வந்தது, எத்தனை அடி வாங்கியது என்றே தெரியாத ஹெல்மெட்டை விட்டுவிடுங்கள். அளவு பார்க்க ஒரு வழி: போட்டுப் பூட்டியபின் முகக் கம்பியைப் பிடித்து மெல்ல இடவலமாக ஆட்டுங்கள். தலையும் கூடவே திரும்ப வேண்டும். ஹெல்மெட் தனியாக, தலை தனியாகச் சுற்றினால் பெரிது. 'வளர்ந்துவிடுவான், ஒரு சைஸ் பெரிதாகவே எடுப்போம்' என்பது நம் வீட்டுப் பழக்கம். தீபாவளிச் சட்டைக்கு அது சரி. ஹெல்மெட்டுக்கும் கையுறைக்கும் வேண்டாம். பெரிய கையுறைக்குள் கம்பு நழுவும், ஸ்டிக் திறமையே வராது.

மவுத் கார்டு சில டாலர்தான். வெந்நீரில் போட்டெடுத்துக் கடித்து, பல்லின் அச்சுக்கு ஏற்ப வடிவமாக்கிக்கொள்வது. இரண்டு வாங்குங்கள், ஒன்றை எப்படியும் மென்று தொலைப்பார்கள். நிறம் தூரத்திலிருந்தே தெரிவதாக இருக்கட்டும். கண்ணாடி மாதிரி இருப்பதும் வெள்ளையும் வேண்டாம், வாயில் இருக்கிறதா என்று நடுவர் பார்த்தவுடன் தெரிய வேண்டும். பல்லில் கம்பி போட்டிருந்தால் அதற்கென்று தனி வகை உண்டு. ஷூவுக்குக் கால்பந்து ஷூவே போதும்.

இனி ஸ்டிக். இதில் தலை, தண்டு என்று இரண்டு பாகம். தலை பிளாஸ்டிக் சட்டம், அதில் வலை பின்னியிருக்கும். தண்டு பெரும்பாலும் அலுமினியம், உள்ளே கூடு. ஒரு காலத்தில் முழு ஸ்டிக்கும் ஹிக்கரி மரத்தை நீராவியில் வேகவைத்து வளைத்துச் செய்ததாகவே இருந்தது. லாக்ராஸ் ஹோடநோசோனி மக்களிடமிருந்து வந்தது. வெள்ளையர் இரோக்வாய் என்று அழைத்த, நியூயார்க் மாநிலத்திலும் கனடாவிலும் வாழும் பூர்வகுடி கூட்டமைப்பு. அவர்களுக்கு இது படைத்தவன் கொடுத்த ஆட்டம். நோயாளி குணமாக வேண்டும் என்று நேர்ந்துகொண்டும் ஆடுவார்கள். அந்தக் கூட்டமைப்பின் ஒனண்டாகா நாட்டைச் சேர்ந்த ஆல்ஃபி ஜாக்ஸ் என்பவர் 2023ல் இறக்கும்வரை ஸ்டிக்குகளைக் கையாலேயே செய்துவந்தார். பிளாஸ்டிக் தலை பால்டிமோரில், உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, 1970 வாக்கில் எஸ்.டி.எக்ஸ். நிறுவனத்திடமிருந்து வந்தது. ஒன்று போல ஒன்று இருக்கும் மலிவான ஸ்டிக் எல்லார் கைக்கும் கிடைத்தது அதன் பிறகுதான்.

பையனுக்கு வாங்கும் ஸ்டிக்கில் நீளத்தைப் பாருங்கள். பெரியவர்களின் குட்டை ஸ்டிக் 40 முதல் 42 அங்குலம். 10 வயதுக்குட்பட்டவர்களுக்கு 37 அங்குலம் வரை குறைக்கலாம். குட்டிப் பையன் கையில் 42 அங்குலக் கம்பு, வீட்டு ஒட்டடைக்கம்பைத் தூக்கியது போலத்தான் இருக்கும். இரும்பு அறுக்கும் பிளேடால் தண்டின் அடியை அறுத்துவிடலாம், தப்பில்லை. அறுத்த பிறகு ரப்பர் மூடியை மறுபடி மாட்டி டேப் சுற்ற மறக்காதீர்கள். குழாய் வாய் திறந்திருந்தால் அது பிஸ்கட் அச்சு மாதிரி சதையை வெட்டும், நடுவரும் ஆட விடமாட்டார். தடுப்பாட்டக்காரர்கள் பிடிக்கும் ஆறடி நீளக் கம்பைப் பார்த்துவிட்டு உங்கள் பையன் அதுதான் வேண்டும் என்று அடம்பிடிப்பான். இன்னும் சில வருடம் ஆகட்டும் என்று சொல்லுங்கள்.

நீளத்தைவிட முக்கியம் பாக்கெட். வலையின் நடுவில் பந்து உட்காரும் குழிவுதான் பாக்கெட். புது ஸ்டிக்கில் வலை மேளத்தோல் மாதிரி விறைத்து நிற்கும். அதில் பந்து விழுந்தால் தெறித்துப் போகும். பிள்ளை 'எனக்குப் பிடிக்கவே வரவில்லை' என்று அழும். தவறு அவனுடையது இல்லை. பந்தை வலையில் வைத்து, இன்னொரு கம்பின் அடியால் அழுத்தி அழுத்தி, இரவு முழுக்கப் பந்தை அப்படியே இறுக்கிக் கட்டி வைத்தால் ஒரு வாரத்தில் இளகும். அதிகமாக இளகினாலும் ஆபத்து. ஸ்டிக்கைக் கண்மட்டத்தில் கிடையாகப் பிடித்து பந்தை உள்ளே விடுங்கள். பந்தின் உச்சி, சட்டத்தின் கீழ்விளிம்புக்கும் கீழே போய்விட்டால் அந்த ஸ்டிக் விதிக்குப் புறம்பானது. போட்டி நாளில் நடுவர் இந்தச் சோதனையைச் செய்வார். பின்னலில் மெஷ் என்ற வலைவகை போட்டது வாங்குங்கள். தோல்வாரும் நூலுமாகப் பின்னிய பழைய பாணி அழகாகத்தான் இருக்கும், மழையில் நனைந்தால் வாரத்துக்கு ஒருமுறை இழுத்துக் கட்ட வேண்டும். தலையும் தண்டும் வலையும் சேர்த்தே வரும் தொடக்க ஸ்டிக் போதுமானது. தலை ஒரு பிராண்ட், தண்டு ஒரு பிராண்ட், பின்னல் தனி ஆள் என்று போகிறவர்களும் உண்டு. அது வேறு நோய்.

மகளுக்கு வருவோம். பட்டியல் சிறியது: கண்ணாடி, மவுத் கார்டு, ஸ்டிக், ஷூ. கண்ணாடி என்றால் கம்பியால் ஆன கண் காப்பு, இந்த ஆட்டத்துக்கென்று சோதனை செய்தது. மூக்குக்கண்ணாடி போடுகிற பெண் என்றால் அதன் மேல் பொருந்துகிறதா என்று கடையிலேயே போட்டுப் பாருங்கள். ஹெல்மெட் கிடையாது. மெத்தென்ற தலைக்காப்பு ஒன்று உண்டு, விரும்பினால் போடலாம். ஃபுளோரிடா உயர்நிலைப் பள்ளிகளில் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள், மற்ற இடங்களில் பெரும்பாலும் அவரவர் விருப்பம். ஸ்டிக் 35½ முதல் 43¼ அங்குலம். பாக்கெட் மிக ஆழம் குறைந்தது: பந்தை வைத்தால் அதன் உச்சி சட்டத்தின் மேல்விளிம்புக்கு மேலே எட்டிப் பார்க்க வேண்டும். இதனால் பந்தை உள்ளே வைத்துக்கொண்டு ஓடுவதே பெரிய வித்தை. ஸ்டிக்கைத் தொட்டில் மாதிரி ஆட்டிக்கொண்டே ஓடுவார்கள். பெயரும் அதுதான், கிரேடிலிங். பையன்கள் ஓரிரு வாரத்தில் இதை ஒப்பேற்றிவிடுவார்கள், பெண்களுக்கு நேரம் பிடிக்கும். ஆனால் கைத்திறமை என்று பார்த்தால் பெண்கள் ஆட்டம் ஒரு படி மேல் என்பது என் எண்ணம்.

'பெண்களுக்கு ஏன் ஹெல்மெட் இல்லை, அவர்கள் தலை தலை இல்லையா' என்று என் மனைவி முதல் நாளே கேட்டாள். நியாயமான கேள்வி. இங்கே பாதுகாப்பைச் சாமானில் வைக்காமல் விதியில் வைத்திருக்கிறார்கள். உடலோடு மோதக் கூடாது. தலையைச் சுற்றி ஏழு அங்குலத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு உருண்டை இருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும், அதற்குள் யார் ஸ்டிக்கும் வரக் கூடாது. உங்கள் மகள் வயதில் ஸ்டிக்கைத் தட்டிப் பந்தை விழவைப்பதற்கும் கட்டுப்பாடு உண்டு. தோளுக்குக் கீழே இருக்கும் ஸ்டிக்கை, உடலைவிட்டு விலகும் திசையில் மட்டும்தான் தட்டலாம். அதைவிடச் சின்னவர்களுக்கு ஸ்டிக்கில் தட்டுவதே கிடையாது. இன்னொரு விதி, வேறு விளையாட்டில் நான் பார்த்ததில்லை: கோல் அடிக்கத் தயாராக நிற்பவளுக்கும் கோலுக்கும் நடுவே உள்ள வெளியில், யாரையும் காவல் காக்காமல் சும்மா போய் நின்று தடுக்கக் கூடாது. நின்றால் தப்பு நின்றவள்மேல். பந்து அவள் மேல் பட்டிருந்தாலும் குற்றவாளி அவள்தான். பக்கத்தில் இருந்த பெற்றோர் ஒருவர், 'என் பெண் தைரியமாக நடுவில் நின்றாள், அதற்குப் போய் விசிலா' என்று கொதித்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தைரியத்தைத் தடுக்கத்தான் அந்த விதி.

விதிகளின் அடித்தளம் எளிது. பந்தைக் கையால் தொடக் கூடாது, கோலி மட்டும் தன் வட்டத்துக்குள் தடுப்பதற்குக் கையைப் பயன்படுத்தலாம். ஸ்டிக்கால் அள்ளி, தூக்கிக்கொண்டு ஓடி, எறிந்து, பிடித்து, 6 அடிக்கு 6 அடி சதுரக் கோலுக்குள் போட வேண்டும். முழு அளவு பையன்கள் ஆட்டத்தில் பக்கத்துக்குப் பத்துப் பேர்: கோலி, மூன்று தடுப்பு, மூன்று நடு, மூன்று தாக்கு. உங்கள் மகன் வயதில் சின்ன மைதானம், பக்கத்துக்கு ஏழு பேர் என்று ஆடவிடுவது வழக்கம். அதுவே நல்லது, எல்லார் ஸ்டிக்குக்கும் பந்து வரும்.

கோல், கால்பந்து மாதிரி எல்லைக்கோட்டில் இருக்காது. மைதானத்துக்கு உள்ளேயே இருக்கும், முழு மைதானத்தில் அதன் பின்னால் 15 கஜம் இடம் உண்டு. அங்கே ஆள் போய் நின்று ஆட்டத்தை நடத்தலாம். அந்த இடத்துக்கு எக்ஸ் என்று பெயர். கோலைச் சுற்றி ஒரு வட்டம், 9 அடி ஆரம். எதிரணித் தாக்குக்காரன் அதற்குள் காலை வைக்கக் கூடாது.

கிரிக்கெட் கண்ணுக்கு மிகவும் விசித்திரமாகத் தெரிவது இது: பந்து எல்லைக்கு வெளியே போனால் கடைசியாகத் தொட்டவனின் எதிரணிக்குப் பந்து, அது சாதாரணம். ஆனால் கோலை நோக்கி அடித்த பந்து குறி தவறி வெளியே போனால், அது கோட்டைத் தாண்டும் நொடியில் யார் அதற்கு மிக அருகில் இருக்கிறானோ அவன் அணிக்குப் பந்து. இதனால்தான் ஒவ்வொரு அடிக்கும் ஒரு பையன் கோலுக்குப் பின்னால் தலைதெறிக்க ஓடுவான். உங்கள் மகனுக்கு இதை முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுங்கள். பந்து பிடிக்கத் தெரியாத புதுப்பையன்கூட ஓடிப்போய்க் கோட்டருகே நின்றே தன் அணிக்குப் பந்து வாங்கித் தரலாம். கோச்சுக்கு அவன் பெயர் அன்றைக்கே பதிந்துவிடும்.

ஆஃப்சைடு என்றதும் பயப்பட வேண்டாம், கால்பந்து மாதிரி மில்லிமீட்டர் சண்டை இல்லை. தலை எண்ணிக்கைதான். பத்துப் பேர் ஆட்டத்தில் எதிரணிப் பாதியில் உங்கள் ஆள் ஆறு பேருக்கு மேல் போகக் கூடாது. தன் பாதியில் கோலியோடு சேர்த்து ஏழு பேருக்கு மேல் நிற்கக் கூடாது. நடுக்கோட்டில் ஒருவன் திடீரென்று ஸ்டிக்கை உயர்த்திக்கொண்டு நின்றுவிட்டால், 'நான் இங்கேயே இருக்கிறேன், நீ போ' என்று பொருள்.

பையன்கள் ஆட்டத்தில் தப்புகளில் இரண்டு வகை. தள்ளுவது, பிடித்து இழுப்பது, ஆஃப்சைடு, பந்து வைத்திருப்பவன் மற்றக் கையால் எதிராளியின் ஸ்டிக்கை ஒதுக்குவது, இவையெல்லாம் சின்னத் தப்பு. பந்து எதிரணிக்குப் போகும். பந்து ஏற்கெனவே அவர்களிடம் இருந்திருந்தால் தப்பு செய்தவன் 30 நொடி வெளியே உட்கார வேண்டும். ஸ்டிக்கால் விளாசுவது, காலை வாருவது, இரு கைக்கும் நடுவே உள்ள தண்டால் முட்டித் தள்ளுவது, முறையற்ற மோதல், வாய்த்துடுக்கு, இவை பெரிய தப்பு; 1 முதல் 3 நிமிடம். அந்த நேரம் முழுக்க அணி ஒரு ஆள் குறைவாக ஆடும். மிகச் சிறு பிள்ளைகளுக்குப் பல லீக்குகளில் இந்த உட்காரவைப்பே கிடையாது, ஆளை மாற்றிவிட்டுப் பந்தை மட்டும் எதிரணிக்குக் கொடுப்பார்கள். லீக்குக்கு லீக் இதெல்லாம் கொஞ்சம் மாறும், வருடத்துக்கு வருடமும் மாறும். உங்கள் லீக் தரும் விதித் தாளை ஒருமுறை படித்துவிடுங்கள்.

அடிபடுமா என்று கேட்டீர்கள். டிவியில் கல்லூரி ஆட்டத்தைப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் இடித்துத் தள்ளுகிறார்களே என்று பயந்திருப்பீர்கள். 12 வயதுக்குட்பட்ட பையன்கள் ஆட்டத்தில் உடலால் இடிப்பது தடை. தோளோடு தோள் உரசி இடம் பிடிக்கலாம், ஓடிவந்து மோதக் கூடாது. கையில் முழங்கையில் ஸ்டிக் பட்டு நீலம் பூக்கும், அது வாரா வாரம் நடக்கும். பல்லைப் பற்றி: இந்த ஆட்டத்துக்கு முதன்முதலில் விதிகளை எழுதி ஒழுங்குபடுத்தியவர் வில்லியம் ஜார்ஜ் பியர்ஸ், 1860களில், மான்ட்ரியலில். அவர் தொழில் பல் மருத்துவம். மவுத் கார்டை நான் வலியுறுத்துவதற்கு அவர் ஒப்புதல் இருக்கும் என்று நினைக்கிறேன்.

மைதானத்தில் கேட்கும் கூச்சல்களையும் சொல்லிவிடுகிறேன். 'கிரவுண்ட் பால்' என்றால் பந்து தரையில் கிடக்கிறது, எடு. எடுத்தவன் 'ரிலீஸ்' என்று கத்துவான். பந்து நம்மிடம் வந்துவிட்டது, எதிராளியை மறித்துக்கொண்டிருப்பதை விடுங்கள் என்று அர்த்தம். 'க்ளியர்' என்றால் தன் பாதியிலிருந்து பந்தை மேலே கொண்டுபோவது. 'ஸ்லைடு' என்றால் கூட்டாளியைத் தாண்டி ஒருவன் வந்துவிட்டான், உதவிக்குப் போ. இந்த நான்கு போதும், மீதி தானாக வரும். பெற்றோர் பக்கத்திலிருந்து 'அடி, அடி' என்று கத்துவது மட்டும் வேண்டாம். கத்துகிறவர் பிள்ளைதான் அடுத்த விசிலுக்கு மாட்டுவான்.

இப்போது அந்தச் சுவர். ஜன்னல் இல்லாத சுவராகப் பாருங்கள். பள்ளிகளின் பின்பக்கம் செங்கல் சுவர் பெரும்பாலும் இருக்கும். ஏழெட்டு அடி தள்ளி நின்று பந்தை எறிந்து திரும்பி வருவதைப் பிடிப்பது, வலக்கையால் 50, இடக்கையால் 50. தினம் கால் மணி நேரம். இங்கே உங்கள் கிரிக்கெட் உதவும். வேகமாக வரும் கேட்சைப் பிடிக்கும்போது கையைப் பந்தோடு பின்னால் இழுப்போம் அல்லவா, அதேதான். ஸ்டிக்கைப் பந்தை நோக்கிக் குத்தாமல், காதுக்குப் பின்னால் வரை பந்தோடு போகவிட வேண்டும். தரைப் பந்துக்கும் அப்படியே: முட்டி மடங்கி, பின்கை தாழ்ந்து, ஸ்டிக் கிட்டத்தட்டத் தரையோடு படுத்து, நிற்காமல் பந்தினூடே ஓடி அள்ள வேண்டும். முதல் சில நாள் டென்னிஸ் பந்தில் பழகட்டும். இடக்கைப் பயிற்சியை எல்லாப் பிள்ளையும் ஏமாற்றும். எண்ணிக்கையை நீங்கள் நின்று எண்ணினால்தான் நடக்கும். கராஜ் கதவைச் சுவராக நினைக்க வேண்டாம். எங்கள் வீட்டுக் கதவில் இன்னும் அம்மைத் தழும்பு மாதிரி பள்ளங்கள் இருக்கின்றன.

பந்தும் கிழடாகும் என்பது நான் தாமதமாகத் தெரிந்துகொண்டது. பழைய பந்து வழவழவென்று மினுங்கி, கெட்டித்து, வலையில் நிற்காமல் வழுக்கும். பிள்ளை திடீரென்று மோசமாக ஆடுகிறான் என்று தோன்றினால் முதலில் பந்தைத் தொட்டுப் பாருங்கள்.

பதிவு செய்யும்போது பெரும்பாலான கிளப்புகள் இந்த ஆட்டத்தின் தேசிய அமைப்பான யுஎஸ்ஏ லாக்ராஸின் உறுப்பினர் எண் கேட்கும். அதில் காப்பீடும் சேர்ந்து வருவதால் வீண் செலவு இல்லை. அந்த அமைப்பின் தலைமையகம் உங்கள் மாநிலத்தில்தான், பால்டிமோருக்கு வடக்கே ஸ்பார்க்ஸில் இருக்கிறது. 2004ல் மேரிலாந்து லாக்ராஸை மாநிலத்தின் அதிகாரபூர்வ அணி விளையாட்டாக அறிவித்தது. அதற்கு முன்பே, 1962ல், குதிரையில் போய் ஈட்டியால் வளையம் கோக்கும் ஆட்டத்தை மாநில விளையாட்டு என்று அறிவித்திருந்தார்கள். அதைக் கேட்டு உங்கள் பிள்ளைகள் அடம்பிடிக்கவில்லையே என்று சந்தோஷப்படுங்கள். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் லாக்ராஸ் வருகிறது, பக்கத்துக்கு ஆறு பேர் ஆடும் வேகமான வடிவத்தில். ஒலிம்பிக்கில் பதக்கத்துக்காகக் கடைசியாக ஆடியது 1908ல். பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க உங்களுக்குப் போதுமான விதி தெரிந்திருக்கும்.

மார்ச் மாதப் பயிற்சி குளிரில் நடக்கும், ஷோல்டர் பேடுக்கு உள்ளே மெல்லிய முழுக்கைச் சட்டை போட்டு அனுப்புங்கள். மே மாதம் வந்ததும் வேறு பிரச்சினை. கையுறையையும் பேடையும் ஈரத்தோடு பையில் அடைத்து கார் டிக்கியில் விட்டுவிட்டால், மறுநாள் கதவைத் திறந்தவர் திறந்த கையோடு மூக்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவார். வீட்டுக்கு வந்ததும் கொல்லையில் கொடி கட்டி எல்லாவற்றையும் வெயிலில் தொங்கவிடுங்கள்.